செத்தவர் ஊற்றிய தேநீர்

அவளை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, இரண்டு பக்கமும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, அந்தத் தாளை எழுதுகிற அலுவலகத்தில் அவள் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். ஒரு நாள் கமா ஒன்று தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று, ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். நாற்பதாயிரம் தாள் அச்சாகி முடிந்திருந்தது. மேலாளர் பல்லைக் கடித்தார். "சார், இந்தக் கமாப்படி பாத்தா மாத்திரைய முழுங்க வேண்டியது நோயாளி இல்ல, டாக்டர்" என்றாள். அன்றோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு தடவை இருமல் மருந்து வாங்கி வந்து, அவள் கண்ணெதிரிலேயே தாளைப் பிரிக்காமல் குப்பையில் போட்டார்.

"அது நான் எழுதினது" என்றாள் கமா.

அவர் பதறிப்போய்க் குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா மடிச்சிருக்காங்க" என்றார்.

அந்த வாரமே அவள் வேறு வேலை தேட ஆரம்பித்தாள். டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், வீடியோ கேம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்று கதை எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ரப்பர் வாசனை வரும். காற்றடிக்கிற இயந்திரம் ஓடினால் மேசை நடுங்கும். ஆறு மேசை, ஒரு ஜன்னல், ஒரு முதலாளி. முதலாளி நல்ல மனுஷன்; ஆனால் எதையும் இரண்டாவது தடவை யோசித்துத்தான் சரியாகச் சொல்வார், அதற்குள் முதல் தடவை சொன்னதை எல்லோரும் செய்து முடித்திருப்பார்கள். "உங்களுக்கு என்ன எழுதத் தெரியும்?" என்று கேட்டார். "யாரும் படிக்காததைத் தப்பில்லாம எழுதத் தெரியும்" என்றாள். அவருக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. வேலை கிடைத்தது.

இரண்டரை வருடம் உட்கார்ந்து அவள் ஒரு கதை எழுதினாள். கேமுக்கு 'மூடுபனித் துறை' என்று பெயர். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு தங்கை பனி மூடிய துறைமுகத்துக்கு வருகிறாள். நான்காம் அத்தியாயத்தில் துறைமுக அதிகாரி அவள் கண்ணெதிரே கடலில் விழுந்து சாகிறார். பிறகு அதே அதிகாரி தன் அறையில் சாவகாசமாக உட்கார்ந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார், சர்க்கரை எவ்வளவு என்று வேறு கேட்கிறார். குழப்பம் ஒன்றுமில்லை. கடலில் விழுந்தது அதிகாரி அல்ல, அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு போன அவர் தம்பி. கமா எழுதிய கதையில் இது பளிச்சென்று இருந்தது. நாலுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு முழு அத்தியாயமே இதற்காக இருந்தது.

அந்த அத்தியாயம் வெள்ளம் புகுந்த ஒரு நிலவறையில் நடக்கும். கம்பெனியில் கடல், மழை, வெள்ளம் எல்லாவற்றையும் கணினியில் செய்கிறவரைத் தண்ணிக்காரர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுத் தப்பாக நினைப்பார்கள். பாவம், அவர் தேநீரைத் தாண்டி எதையும் தொடாதவர். அவருடைய வெள்ளம் பார்க்க அவ்வளவு அழகு. ஒரே ஒரு குறை, தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறினால் தங்கை கூரையைத் துளைத்துக்கொண்டு போய் வானத்தில் நீந்துவாள். எட்டு மாதம் முயன்றும் அவளைக் கீழே இறக்க முடியவில்லை. முதலாளி அத்தியாயத்தை வெட்டிவிட்டார்.

"அப்ப செத்தது யாருன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள் கமா.

"ஒரு கடிதம் வெச்சிடலாம்மா. மேசை இழுப்பறைக்குள்ள."

கமா கடிதம் எழுதினாள். ஓவியர் அதைவிட அழகாக ஒரு மேசை வரைந்தார், தேய்ந்த பித்தளைக் கைப்பிடியோடு. ஆனால் அந்த இழுப்பறை, மேசைக்கு இடப்பக்கம் ஒட்டி நின்று இழுத்தால் மட்டுமே திறக்கும். நேரே நின்று இழுத்தால் கதாநாயகி மேசையைச் செல்லமாகத் தடவிக் கொடுப்பாள். "அது கவித்துவமா இருக்கு" என்று விட்டுவிட்டார்கள். போதாததற்கு, பேச்சு வரும் இடங்களிலெல்லாம் திரையின் ஓரத்தில் 'தாண்டிச் செல்' என்று ஒரு பொத்தான், பழுத்த ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு.

கேம் வெளிவந்து பத்தாம் நாள் வசை ஆரம்பித்தது. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: செத்தவர் எப்படித் தேநீர் ஊற்றினார்? படம் பிரமாதம், தண்ணீர் பிரமாதம், இசை பிரமாதம், கதையை எழுதினவர்கள்தான் தூங்கிவிட்டார்கள். 'இந்த எழுத்தாளர்களை ஒரு அறையில் பூட்டி வைக்கணும்.' 'எழுத்தாளர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களா?' எழுத்தாளர்கள் என்று பன்மையில் போட்டதுதான் கமாவை அதிகமாகக் குத்தியது. இருப்பது ஒருத்தி, திட்டு மட்டும் ஒரு கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை தோறும் முதலாளி அந்த வசைகளை வாய்விட்டுப் படிப்பார். தண்ணிக்காரர் தன் கோப்பைக்குள் பார்ப்பார். ஓவியர் பென்சில் சீவுவார். கமா ஜன்னலைப் பார்ப்பாள். மனசுக்குள் அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது: வெள்ளம், இழுப்பறை, பொத்தான். பட்டியலில் நாலாவதாகவும் ஒன்று உண்டு. அதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், மன்றத்துக்குள் புகுந்து நிதானமாக ஒரு விளக்கம் எழுதினாள். செத்தது தம்பி, கோட்டைக் கவனியுங்கள், அவசரப்படாதீர்கள் என்று. ஐந்தே நிமிடம். 'கம்பெனிக்காரன் வந்துட்டான்', 'எழுத்தாளரோட மச்சானா நீ?' என்று ஓட ஓட விரட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு 'முழிபிதுங்கி' என்று புதுப்பெயர் ஒன்று வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை எழுத்தாளர்களைக் கிழி கிழி என்று கிழித்தாள். "இந்தக் கதையை எழுதியவர்கள் அத்தியாயத்துக்கு ஒரு ஆளாகப் பிரித்துக்கொண்டு, தனித்தனித் தீவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து அரைப் பக்கம். எழுதும்போதே சிரிப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கை தட்டினார்கள். பதினோரு வருடம் மருந்துத் தாள், இரண்டரை வருடம் கேம், எழுதியதை ஆள் படித்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் கையைக் கட்டிப்போட முடியவில்லை. தினம் மதியம் முழிபிதுங்கி வந்துவிடுவார். எல்லோரும் அவரை ஒரு நடுத்தர வயது ஆண் என்று முடிவுகட்டித் 'தலைவரே' என்றார்கள். தலைவர் சாமர்த்தியசாலி. திட்டுகிற சாக்கில் தேவையானதைச் சொல்லிவிடுவார். "அதிகாரி அறை மேசைக்கு இடப்பக்கமா நின்னு இழுப்பறைய இழுங்க. உள்ள ஒரு கடிதம் இருக்கு. அதைக் கூட இந்த எழுத்தாளர்கள் உருப்படியா எழுதல" என்பார். நூறு பேர் ஓடிப்போய் இழுப்பறையைத் திறப்பார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு, கடிதம் நன்றாகத்தானே இருக்கிறது தலைவரே என்று வந்து சொல்வார்கள். கமா மேசைக்கு அடியில் காலை ஆட்டிக்கொள்வாள்.

வினை அந்தச் சாமர்த்தியத்தில்தான் வந்தது.

"இந்த முழிபிதுங்கி யாரோ தெரியல" என்றார் முதலாளி ஒரு திங்கட்கிழமை. "நம்ம கேமை நம்மளவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கார். நேர்ல கூப்பிட்டுப் பேசலாம். கமா, நீங்களே ஒரு கடிதம் எழுதுங்க. மரியாதையா எழுதுங்க, கோவக்காரர்."

கமா தனக்குத்தானே மரியாதையாக ஒரு அழைப்புக் கடிதம் எழுதி, அனுப்பி, பெற்று, படித்து, உடம்பு சரியில்லை என்று பதிலும் போட்டாள். முதலாளி விடவில்லை. மன்றத்திலேயே போய் எல்லோர் முன்னாலும் அழைப்பு விடுத்துவிட்டார். தொண்டர்கள் குதித்தார்கள். 'போங்க தலைவரே! அந்த எழுத்தாளர்களை நேர்ல பாத்து நாலு கேள்வி கேளுங்க!' வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி என்று முடிவாகிவிட்டது. கமாவுக்கு நிஜமாகவே முழி பிதுங்கியது.

நாத்தனாரின் நினைவு வந்தது அப்போதுதான்.

கணவரின் அக்கா அவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தைந்து வருடமாக 'மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே குரல்தான். கணுக்கால் பிசகி ஒரு மாதம் படுத்திருந்தபோது பொழுதுபோகாமல் தம்பியின் வீட்டிலிருந்து கேமை வாங்கிப் போய் முழுசாக விளையாடி முடித்திருந்தாள். கமா போனபோது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, காதில் பென்சில் செருகி, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு உதவி. என் ஆபீசுக்கு வந்து நீங்கதான் முழிபிதுங்கின்னு சொல்லணும்."

"என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?"

கமா எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் துணியை மடிப்பதை நிறுத்தவே இல்லை. ஆனால் மூன்று இடத்தில் சிரித்தாள்.

"நீயே உன்னைத் திட்டி, நீயே உனக்குக் கடிதாசி போட்டு, இப்ப நான் வந்து நீயா நிக்கணும். அப்படித்தானே?"

"ஒரே ஒரு மணி நேரம் அண்ணி. என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடு. படிப்பேனான்னு கேக்காத."

கமா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முதலாவது, தண்ணீரால் ஒரு அத்தியாயம் போனது. இரண்டாவது, இழுப்பறை. மூன்றாவது, ஆரஞ்சுப் பொத்தான். எழுத்தாளரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை நாத்தனார் கைத்தடி ஊன்றி மாடியேறி வந்தாள். தலைவர் ஒரு பெண்மணி என்றதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலாளி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, மடித்த தாளைப் பிரித்தாள். கமாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நன்றாக நடிக்கிறாளே என்று கமாவுக்கு நிம்மதி.

"முதல்ல, தண்ணி" என்று ஆரம்பித்தாள் நாத்தனார்.

தண்ணிக்காரர் நிமிர்ந்தார். "என்ன மேடம் தண்ணி? போன மாசம் என் கடலைக் குளிக்கிற தொட்டின்னு எழுதினீங்க. மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல."

"அப்படியா எழுதினேன்?" என்று நாத்தனார் தாளைப் பார்த்தாள். அதில் தொட்டி இல்லை. "சரி, நல்ல தொட்டிதான். அடுத்தது இழுப்பறை."

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்தார். "இழுப்பறை திறக்குது. திறக்கத் தெரியணும்."

"இழுப்பறைய யார் வேணா திறக்கணும். திறக்கத் தெரிஞ்சவங்க மட்டும் திறக்க அது என்ன நகைப் பெட்டியா?"

"பொத்தான நீங்க அவ்வளவு பெரிசா வெச்சா இழுப்பறை வரைக்கும் யார் வருவா?" என்று ஓவியர் பழியைத் தண்ணிக்காரர் பக்கம் தள்ள, "பொத்தானைப் பெரிசாக்கச் சொன்னதே நீங்கதான், சின்னதா இருந்தா படத்தோட பொருந்தலைன்னு" என்று தண்ணிக்காரர் திருப்பித் தள்ள, இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். கீழே டயர் கடை இயந்திரம் வேறு ஓட ஆரம்பித்தது. கமா ஜன்னலைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லாம் எழுதிக் கொடுத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

முதலாளி கையை உயர்த்தினார். "மேடம், ஒண்ணு கேக்கறேன். நீங்க அந்தப் பேச்சுக் காட்சியெல்லாம் முழுசாப் பாத்தீங்களா?"

"எங்க பாத்தேன்? எல்லாத்தையும் தாண்டித் தாண்டித்தான் போனேன். பொத்தான் அவ்வளவு அழகா இருக்கு."

எழுந்து நின்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்புறம் கதை புரியலைன்னா எப்படி?" என்றார் முதலாளி மெதுவாக.

"இருங்க, அசையாதீங்க" என்றாள் நாத்தனார். தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாலாம் அத்தியாயம் வரைக்கும் தாண்டினது என் தப்பு. அந்த ஆள் செத்தான்னு பாத்தேன். அடுத்து பாத்தா தேநீர் ஊத்தறான். சரி, எனக்குத்தான் ஏதோ விட்டுப்போச்சுன்னு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன். கால் வேற நகராது. ஒரு வார்த்தை விடாம கேட்டேன். கலங்கரை விளக்கத்துல ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க பேசறதை மூணு தடவை கேட்டேன். ஏழு நிமிஷம் பேசறாங்க. பனியைப் பத்திப் பேசறாங்க, வெளிச்சத்தைப் பத்திப் பேசறாங்க, காத்திருக்கிறதைப் பத்திப் பேசறாங்க. விழுந்ததை மேலேருந்து பாத்தது அவங்கதான். செத்தது யாருன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்ல வந்து வாயை மூடிக்கிற மாதிரியே இருக்கு. நான் தினம் நூறு எலும்பு பாக்கறவ. தண்ணியும் இழுப்பறையும் வெறும் சிராய்ப்பு. முறிவு அங்கதான் இருக்கு. அந்த அம்மா வாயை யாரோ பொத்தியிருக்காங்க. அது யாரு?"

"அண்ணி, இது குறிப்புலயே இல்லையே!" என்று கத்திவிட்டாள் கமா.

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவளுக்கே கேட்டது. தண்ணிக்காரர் அவளைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"அண்ணியா?" என்றார்.

"குறிப்பா?" என்றார் ஓவியர்.

முதலாளி இரண்டாவது தடவை யோசிக்கிறவர் ஆயிற்றே. கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, "முழிபிதுங்கி யாரு?" என்றார்.

கமா பள்ளிக்கூடப் பெண் மாதிரி கையைத் தூக்கினாள். தூக்கின கையை இறக்காமலேயே மீதியையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் வாயைப் பொத்தியதும் தான்தான். முதலில் எழுதியபோது அவள் வாயில் ஒரு வரி இருந்தது: 'விழுந்தது அவன் இல்ல, அவன் கோட்டைப் போட்டிருந்த தம்பி.' அவ்வளவுதான். அத்தியாயம் வெட்டுப்பட்ட பிறகும் அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும். ஆனால் பதினோரு வருடம் 'குலுக்கிய பின் குடிக்கவும்' என்றே எழுதிய கைக்கு, அப்படிப் பச்சையாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. மருந்துத் தாள் மாதிரி இருக்கிறதே என்று அடித்துவிட்டு, அந்த இடத்தில் பனியைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். பத்தி நன்றாக வந்தது. நன்றாக வந்ததால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

"குலுக்கிட்டுக் குடின்னு சொன்னா என்ன கேவலம்?" என்றாள் நாத்தனார். "குலுக்காமக் குடிச்சவங்களை நான் பாத்திருக்கேன்."

முதலாளி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். வேலை போச்சு என்றுதான் கமா நினைத்தாள். மேசை மேல் இருந்த தன் கோப்பையையும் அகராதியையும் எந்தப் பையில் எடுத்துப் போவது என்று கணக்குப் போட்டாள். அவர் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

"அத்தியாயத்தை வெட்டினது நான். வெட்டின பிறகு ஒரு தடவை முழுசா விளையாடிப் பாத்திருக்கணும். பாக்கல. எனக்குக் கதை தெரியுமே, எனக்குப் புரிஞ்சுது." நிறுத்தினார். "திங்கக்கிழமை தோறும் கமாவைப் பாத்துத்தான் படிச்சேன். அது தப்பு. ஆனா கமா, நான் கூப்பிட்டு எழுதச் சொன்ன கடிதத்துக்கு நீங்களே உடம்பு சரியில்லைன்னு பதில் போட்டீங்களே, அது ரொம்பத் தப்பு."

"ஆமா சார்."

"இனிமே திங்கக்கிழமை வசையெல்லாம் நீங்கதான் படிக்கணும். குரலை ஏத்தி இறக்கி."

தண்ணிக்காரருக்கு மட்டும் ஆறவில்லை. தொட்டி விஷயம் அவர் நெஞ்சில் அப்படியே இருந்தது. கமா அன்று மதியமே முழிபிதுங்கி பெயரிலேயே மன்றத்தில் போய், நான்தான் கதை எழுதியவள், கடலைத் தொட்டி என்றது பொறாமையில், அந்தக் கடல் பிரமாதமானது என்று உண்மையை உடைத்து எழுதினாள். யாரும் நம்பவில்லை. தலைவரைக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்று பாதிப் பேரும், தலைவரின் பெயரை யாரோ திருடிவிட்டார்கள் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். ஆனால் தண்ணிக்காரர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார்.

அடித்துப்போட்ட அந்த வரியைத் திரும்பச் சேர்க்க முடிவாயிற்று. கலங்கரை விளக்கத்து அம்மாவுக்குக் குரல் கொடுத்தது கீழே டயர் கடைக்காரரின் மனைவி. காற்றடிக்கிற இயந்திரத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய, கரகரத்த, அருமையான குரல். அந்த வாரம் பார்த்து அவளுக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு முழுக்க அடைப்பு. "பரவால்ல, ஒரு வரிதானே, வாங்க" என்று மேலே கூட்டி வந்து போர்வைக்குள் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தார்கள். "விழுந்தது அவன் இல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு தடவை மூக்கை உறிஞ்சி, "அவன் கோட்டைப் போட்டிருந்த தம்பி" என்று முடித்தாள். உறிஞ்சலை வெட்டப் பார்த்தார்கள். வெட்டினால் வரி துண்டாகத் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

புதிய பதிப்பு வெளியான மூன்றாம் நாள் கமா குரலை ஏற்றி இறக்கிப் படிக்க வேண்டிய திங்கட்கிழமை. காகிதத்தை எடுத்தாள். முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிட்டாள். முதலாளி எட்டி வாங்கிப் படித்தார்.

'அந்த அம்மா அழறாங்க! கவனிச்சீங்களா? செத்த தம்பி அவங்க மகன்!' 'அப்படின்னா அதிகாரியும் அவங்க மகன்தானே? ஒரு மகனைக் காப்பாத்த இன்னொருத்தனைப் பத்தி வாயே திறக்காம இருந்திருக்காங்க!' 'அதான் ஏழு நிமிஷம் பனியைப் பத்திப் பேசினாங்க, சொல்ல முடியாம.' 'இவ்வளவு நாள் இந்த எழுத்தாளர்களை நாம புரிஞ்சுக்காம திட்டிட்டோம்.'

அறையில் எல்லோரும் கமாவைப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகுட்டி எதுவும் அவள் எழுதியதில் கிடையாது. எழுதியிருந்தால் இதைவிடச் சுமாராகத்தான் எழுதியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அந்த மூக்கு உறிஞ்சல்" என்றார் முதலாளி, "யோசிச்சு வெச்சதா?"

கமா ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை.

"ஆமா சார்."